ஏழாம் மாதத்தில் வந்த பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். போன கிழமை, கலியாணமாகாமல் கர்ப்பமான பெண்களை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். வன்னியில்தான், ஆனால் ஊர்ப்பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று சனம் விசாரிக்கத் தொடங்கிவிடும்.

விறாந்தையில் ஒரு பிள்ளை, இருபது வயதிருக்கும், பழைய சாரத்தைச் சதுரமாக வெட்டிக் குழந்தைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். புதுத்துணி பச்சை உடம்பை உரசும் என்று அம்மம்மா சொல்லுவாவாம். நூல் முடிச்சுக்கூட உள்ளே வராமல் பார்த்துப் பார்த்துத் தைத்தாள்.

அவள் அங்கே வந்தது ஏழாம் மாதத்தில். அதுவரை இரத்தம் சோதிக்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான், எனக்கு நெஞ்சு பதறியது அங்கேதான். பிரஷர் ஏறினால் தலையிடி, கால்வீக்கம் என்று தொடங்கி வலிப்புவரை கொண்டுபோய்விடும், உடம்பில் இரத்தம் குறைவென்றால் பிள்ளைப்பேற்றில் இரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனாலும் தாயின் உயிருக்கு ஆபத்து. ஒழுங்காகக் கிளினிக் வந்தால் இரண்டையும் முன்னமே கண்டுபிடிக்கலாம்.

ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"வாங்கில இருக்கிற எல்லாரும் கழுத்தைத்தானே அன்ரி பாப்பினம்?"

கர்ப்பிணியாகப் பதிவதற்குத் தாலி தேவையில்லை. ஏற்புவலி ஊசி, இரும்புச்சத்துக் குளிசை, திரிபோஷ சத்துமா, ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு, எல்லாம் இவளுக்கும் இலவசம்தான். இதைப் பெற்றோர்களே பலர் யோசிப்பதில்லை. வீட்டுக்குள் பூட்டிவைக்கிறார்கள், இல்லையென்றால் யாரோ கொடுக்கும் குளிசையைக் கொடுத்துக் கலைக்கப் பார்க்கிறார்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்றத் தவிர வேறெதற்கும் கலைப்பது குற்றம், அதனால் இரத்தம் போனாலும் பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதில்லை. தயவுசெய்து கொண்டுவாருங்கள். உயிரைவிட மானம் பெரிதில்லை.

அப்புறம் இன்னொன்று. பிள்ளையைப் பெற்றதும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று சில வீடுகளில் பேசுகிறார்கள். அப்படி முடியாது, மகவேற்பு, அதாவது பிள்ளையைத் தத்துக்கொடுப்பது, நீதிமன்றம் ஊடாகத்தான், தாயின் சம்மதத்தோடுதான். வளர்க்க விரும்புகிறவளுக்கும் வழி இருக்கிறது: 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, கலியாணம் நடக்காவிட்டாலும் பிள்ளைக்குத் தகப்பனிடம் செலவு கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1938க்கு அழையுங்கள், பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் அது.

வெளிக்கிடும்போது அந்தப் பிள்ளை படலைவரை வந்தாள். "அன்ரி, அம்மா றேடியோ கேக்கிறவா. என்ர பேர் சொல்லவேண்டாம். நான் நேரத்துக்குச் சாப்பிடுறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அம்மா, கேட்டுக்கொண்டிருக்கிறீர்களென்றால், உங்கள் மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். அம்மம்மா சொன்னதை நினைவில் வைத்துத்தான் துணி தைக்கிறாள். அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும்.