நான் உடம்புக் கட்சி

நடுவர் அய்யாவுக்கு வணக்கம், ஃபாதருக்கு வணக்கம், வெயில்ல பெர்ரி ஏறி பினாங்கு வந்த பட்டர்வொர்த் சனத்துக்கு ரெண்டு வணக்கம். போதும்.

தலைப்பு என்ன? கத்தோலிக்க விசுவாசத்துக்கு தெம்பு குடுக்குறது பேதுருவோட நாற்காலியா, அதாவது போப் பதவியா, இல்ல செத்தும் அழியாத புனிதர்களோட உடம்பா. நான் உடம்புக் கட்சி, என்னைப் பாத்தாலே தெரியும்.

எதிரணி டீச்சர், "பேதுருல இருந்து போப் லியோ வரைக்கும் 267 பேர், அறுகாத சங்கிலி"ன்னாங்க. நானும் கைதட்டுனேன், தட்டலைன்னா பெஞ்ச் மேல ஏத்திருவாங்க. சரி டீச்சர், அந்த சங்கிலியில 897-ஆம் வருஷத்தைக் கொஞ்சம் புடிச்சுப் பாக்கலாமா?

போப் ஃபார்மோசுஸ்னு ஒருத்தர். செத்துட்டாரு, பொதைச்சாச்சு. ஒரு வருஷம்கூட ஆகலை, பின்னாடி வந்த போப் ஆறாம் ஸ்டீபன், "அந்தாளு போப்பா இருந்ததே செல்லாது"ன்னு கேஸ் போடுறாரு. யார் மேல? செத்தவர் மேல! தோண்டி எடுத்து, போப் உடுப்பெல்லாம் மாட்டி, நாற்காலியில ஒக்கார வச்சு விசாரணை. நடுவர் அய்யா, இப்ப நீங்க ஒக்காந்திருக்கீங்கல்ல, அதே மாதிரி. கோச்சுக்காதீங்க, நீங்க மூச்சு விடுறீங்க. "ஒரு மறைமாவட்டத்துக்கு பிஷப்பா இருந்துட்டு ரோமுக்கு ஏன்யா ஆசைப்பட்ட?" இதான் குத்தச்சாட்டு. பொணம் என்ன சொல்லும்? அதுக்குத்தான் ஒரு தியாக்கோனை, அதான் குருவுக்குக் கீழ இருக்குற திருத்தொண்டரை, பக்கத்துல நிக்க வச்சிருந்தாங்க, பொணத்துக்காக பதில் பேச. அந்தப் பையனை நெனைச்சுப் பாருங்க. காலையில அம்மா கேட்டிருப்பாங்க, "இன்னிக்கு என்ன டியூட்டிடா?" "ஒண்ணுமில்லம்மா, ஒரு போப்புக்கு வாய் குடுக்கணும்." நம்மாளா இருந்தா எம்சி, அதான் மெடிக்கல் லீவு, எடுத்துட்டு நாசி கண்டார் சோத்துக் கடைக்குப் போயிருப்பான்! சிரிக்காதீங்க ஆண்டி, மூக்கைப் பொத்திக்கிட்டே "ஆமாங்கய்யா, தப்புதாங்கய்யா"ன்னு அவன் நின்ன நெலமையை யோசிங்க.

தீர்ப்பு, குத்தவாளி. ஆசீர்வாதம் பண்ற மூணு விரலை வெட்டி, உடம்பை தைபர் ஆத்துல வீசிட்டாங்க. சில மாசத்துல ஸ்டீபனையே சிறையில கழுத்தை நெரிச்சுட்டாங்க. இப்ப சொல்லுங்க டீச்சர், நாற்காலி செல்லுமான்னு பாக்குறதுக்கே உடம்பைத்தானே தோண்டுனாங்க?

1378-ல ஒரே நேரத்துல ரெண்டு போப், 1409-ல மூணு போப், 1417 வரைக்கும் இழுத்துச்சு. சியன்னா கத்தரீன் ரோம் போப் பக்கம், வின்சென்ட் ஃபெரர், இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்குற அவிஞ்ஞோன் ஊரு போப் பக்கம். ரெண்டு பேருமே இன்னிக்கு புனிதர். தப்பான போப்பை நம்புனவரும் மோட்சம் போயிருக்காரு டீச்சர்!

அப்புறம் குத்துனாங்க பாருங்க, "லூர்துல மாதாவைக் கண்ட பெர்னதெத் முகத்துல மெழுகு, மெழுகுக்கு முட்டி போடுற கூட்டம்"னு. மெழுகுதான், யார் இல்லேன்னா? 1879-ல செத்தவங்களை 1909-ல தோண்டுனப்ப ஜெபமாலை துருப்புடிச்சிருந்துச்சு, புடிச்சிருந்த கை அப்படியே இருந்துச்சு. 1925-ல கண்ணாடிப் பேழையில வைக்கும்போதுதான் தோல் கருத்திருக்குன்னு முகத்துக்கும் கைக்கும் மெழுகு போட்டாங்க, யாரும் ஒளிக்கலை. உயிரோட இருக்குற நானே பவுடர் அடிச்சுக்கிட்டுதான் மேடை ஏறியிருக்கேன். 2001-ல 23-ஆம் யோவான் போப்போட பெட்டியைத் தொறந்தா முகம் அப்படியே இருந்துச்சு. அற்புதம்னு வத்திக்கான் சொல்லலை, சரி, ஆனா உங்க கட்சி போப் எங்க கட்சிக்கு வந்துட்டாரே!

ரோமை விடுங்க, நம்ம மலாக்காவுக்கு வாங்க. முத்துக்குளித்துறையில நம்ம பாஷையில ஜெபம் சொல்லிக்குடுத்த சவேரியாரு, 1552 டிசம்பர்ல சீனாக்குள்ள போக முடியாம ஒரு தீவுல செத்தாரு. சீக்கிரம் கரையட்டும்னு சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சாங்க, கரையலை. 1553-ல மலாக்கா மலைக் கோயில்ல கொண்டாந்து வச்சு, அப்புறம்தான் கோவா. அந்த காலிக் குழி மேல இன்னிக்கும் கம்பி வலை கெடக்கு.

எங்க பாட்டி தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. முட்டி வலியோட அந்தப் படியேறி, முந்தானையில முடிஞ்ச காசை வலைக்குள்ள போட்டுட்டு, "அய்யா, நீங்களும் ஊரு விட்டு வந்தவரு, நாங்களும் ஊரு விட்டு வந்தவங்க, ஒங்களையாச்சும் திருப்பிக் கூட்டிட்டுப் போனாங்க"ன்னு அழுதாங்க. அவங்களுக்கு அந்த 267-ல ஒரு பேரு தெரியாது டீச்சர்.

பாட்டி போய்ச் சேந்து பல வருஷம் கழிச்சு தோட்டம் கைமாறுச்சு, வீடு கட்டப் போறாங்கன்னு கல்லறையைக் காலி பண்ணச் சொன்னாங்க. நாங்க போய்த் தோண்டுனோம். குழிக் கரையில நின்ன எங்கம்மா யாரு போப், எது செல்லும்னு கேக்கலை, "ஏதாச்சும் மிச்சம் இருக்காடா, நல்லாப் பாருடா"ன்னுதான் கேட்டாங்க.

மணி அடிச்சிட்டீங்க. தீர்ப்பை நீங்க சொல்லுங்க அய்யா, வணக்கம்.