மேடு ஏறும்போது எகிறும் செயின்

வணக்கம். கும்பகோணம் பக்கம் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன் நான். கியர் சைக்கிள் பராமரிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள், உடனே ஒத்துக்கொண்டேன், ஏனென்றால் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

டெல்டாவில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகளிடம் கியர் சைக்கிள் இருக்கிறது. பெரும்பாலும் முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, ஆக 21 கியர். வாங்கிக் கொடுத்த பெரியவர்கள் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். கியரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "சமதரையில ஓட்டுற வண்டிதானே அண்ணே, கியர் அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறார்கள்.

சமதரை என்பதால்தான் பயமே. மேடு இல்லாததால் பிள்ளைகள் வருஷம் முழுக்க ஒரே கியரில் மிதிக்கிறார்கள், செயினும் பின்னால் அதே ஒரு பல்சக்கரத்தில்தான் ஓடுகிறது. மற்றதெல்லாம் புதுசு மாதிரி பளபளக்கும், அது மட்டும் பல் தேய்ந்து, கூராகி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சாதாரணமாக மிதிக்கும்போது ஒன்றும் தெரியாது. பாலமோ ரயில்வே மேம்பாலமோ வருகிறது, இல்லை ஆற்றங்கரை மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது, பிள்ளை சீட்டை விட்டு எழுந்து உடம்பு பாரம் முழுவதையும் ஒரு பெடலில் போட்டு மிதிக்கிறான், அந்த நேரம் பார்த்துத்தான் செயின் பல்லை விட்டு எகிறும். காலுக்குக் கீழே பெடல் சட்டென்று இறங்கிவிடும். நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதும், அல்லது நடு பாரில் விழுவான், வண்டி ரோட்டுப் பக்கம் சாய்ந்தால் பின்னால் வருகிற லாரிக்கு ஒதுங்க இடம் இருக்காது. நம் பழைய பாலங்கள் எவ்வளவு குறுகல் என்று உங்களுக்கே தெரியும்.

செயின் இழுபட்டு நீண்டுவிட்டது என்று சொல்கிறோம், ஆனால் உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்கள் தேய்கின்றன, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது, எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பட்டறைக்கு வர வேண்டியதில்லை, கடையில் விற்கும் 12 அங்குல ஸ்கேல் போதும். செயினை விறைப்பாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம் என்பதால், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். அது கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் செயினை மாற்றிவிடுங்கள். மூன்று மில்லிமீட்டர் தள்ளிவிட்டால் பல்சக்கரமும் கூடவே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு செயினை மட்டும் புதுசாகப் போட்டால் முன்னைவிட மோசமாக எகிறும். காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து இப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

தேய்மானத்தைச் சீக்கிரம் கொண்டுவருவது நம் ஊர் வண்டல்தான். காய்ந்த செயினும் கெடும், அதே சமயம் டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலை வழிய வழிய ஊற்றினாலும் கெடும், ஏனென்றால் அந்தப் பிசுக்கில் ஒட்டுகிற மண் உள்ளே போய் உப்புத்தாள் மாதிரி ராவிக்கொண்டே இருக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பழைய துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, உலரவிட்டு, ஒவ்வொரு கண்ணியின் உருளைக்கும் ஒரு சொட்டு சைக்கிள் ஆயில் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வெளியே வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். ஆயில் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருக்கக் கூடாது.

அடுத்தது வைக்கோல். அறுவடைக் காலத்தில் தார் ரோட்டில்தான் நெல் காய்கிறது, வைக்கோலும் அங்கேயே கிடக்கிறது. பின் சக்கரத்துக் கியரில் கீழே தொங்கும் இரண்டு சின்னச் சக்கரங்களில் அது சுற்றிக்கொண்டால் செயின் இறுகும். அப்போது முக்கி மிதித்தால் கியர் மொத்தமாக மேலே இழுபட்டு, வளைந்து, சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும், பின் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டிக்கொள்ளும். மிதி இறுகினால் இறங்கிவிடுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு வைக்கோலை எடுங்கள், பெடல் சுற்றும்போது விரலை விட்டு எடுக்காதீர்கள், விரல் நுனி போய்விடும்.

பள்ளிக்கூட ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் சாய்ந்தால் வரிசையே சாயும் அல்லவா, வலப்பக்கம் விழுந்த வண்டியில் கியர் தொங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கலாம். பின்னால் குனிந்து பாருங்கள், இரண்டு சின்னச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்துக்கு நேராக ஒரே கோட்டில் தொங்க வேண்டும். உள்ளே சாய்ந்திருந்தால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது செயின் அதையும் தாண்டிக் கம்பிக்குள் விழும். செயின் இப்படி இரண்டு ஓரத்திலும் தாண்டாமல் தடுக்கத்தான் கியரில் எச், எல் என்று இரண்டு சின்னத் திருகுகள் இருக்கின்றன. தெரியாமல் திருகாதீர்கள், மெக்கானிக் செய்யட்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் கியர் ஒயர் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும், கியர் தானாக மாறும். அதை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். அப்புறம், வேட்டி கட்டி ஓட்டுகிறவர்கள், துப்பட்டா போடும் பிள்ளைகள் கவனம்: பழைய சைக்கிளில் இருந்த முழு செயின் கவர் இதில் கிடையாது.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற வண்டிக்கு அந்த ஸ்கேலை ஒரு தடவை வைத்துப் பாருங்கள். செயின் மாற்றினால், கடை வாசலிலேயே எல்லா கியரும் சரியாக விழுகிறதா என்று மெக்கானிக்கை ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். நன்றி, வணக்கம்.