தூண்டிலில் ஏறிய பெயர் தெரியாத மீன்: தொடலாமா, தின்னலாமா?

[காட்சி: படகின் விளிம்பு. தூண்டில் நரம்பின் முனையில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே துடித்துக்கொண்டிருக்கும் மீன்.]

கடலில் போட்ட தூண்டிலில் மீன் ஏறியிருக்கிறது. படகில் இருக்கும் எவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. பழுப்பு நிறம், தடித்த தலை, முதுகு நெடுகச் சிலிர்த்து நிற்கும் முட்கள். இந்த நொடியில் பெரும்பாலோர் மீனை ஒரு கையால் இறுகப் பற்றி, மறு கையால் தூண்டில் முள்ளைக் கழற்றுகிறார்கள். அதன் பிறகுதான் ‘இது என்ன மீன்?’ என்று கேட்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வதுதான் இந்தக் காணொளியின் வேலை.

‘விஷ மீன்’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு ஆபத்துகள் அடங்கியிருக்கின்றன. முள்ளால் குத்தி நஞ்சை உடலுக்குள் செலுத்தும் மீன்கள் ஒரு வகை. தின்றால் மட்டுமே நஞ்சாகும் மீன்கள் இன்னொரு வகை. கொட்டும் மீன்களில் பல, முள்ளை நீக்கிவிட்டால் நல்ல உணவு மீன்கள். பேத்தையோ முள்ளால் கொட்டி நஞ்சேற்றாது. அதன் ஈரல் வயிற்றுக்குள் போனால் ஆளையே கொன்றுவிடும். ஆகவே நம் முன் இருப்பவை இரண்டு கேள்விகள்: இந்த மீன் கைக்கு ஆபத்தா, வாய்க்கு ஆபத்தா? முதல் கேள்விக்குச் சில நொடிகளுக்குள் விடை வேண்டும். இரண்டாவதற்கு எந்த அவசரமும் இல்லை.

[காட்சி: நீண்ட மூக்குள்ள பிளையர் தூண்டில் முள்ளைப் பிடித்துத் திருப்புகிறது. மீன் இன்னும் நீர்மட்டத்திலேயே இருக்கிறது.]

கைக்கான விடை எளிது. பெயர் தெரியாத மீன் எதுவாக இருந்தாலும், அது கொட்டும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நீர்மட்டத்திலேயே வைத்து, பிளையரால் தூண்டில் முள்ளின் தண்டைப் பிடித்துத் திருப்பினால் மீன் தானாகவே நழுவி விழும். முள் ஆழமாக இறங்கியிருந்தால் நரம்பை அறுத்துவிடலாம். ஒரு தூண்டில் முள்ளின் இழப்பு பெரிய இழப்பு ஆகாது. துணியைச் சுற்றிப் பிடிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் கல்மீனின் முதுகில் இருக்கும் 13 முட்களும் மெல்லிய காலணியின் அடிப்பாகத்தையே துளைக்கக்கூடியவை. துணி அவற்றுக்குத் தடையே ஆகாது.

எங்கெங்கே முள் இருக்கும் என்பதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். கெளுத்தி வகைகளுக்கு முதுகில் ஒன்று, மார்புத் துடுப்புகளில் பக்கத்துக்கு ஒன்று என மூன்று. அவற்றின் ஓரம் அரம்போல் பல்பல்லாக இருக்கும். சிங்கமீனுக்கு முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, குதத் துடுப்பில் 3 என மொத்தம் 18 நச்சு முட்கள். பார்ப்பவரை மிரட்டும் அதன் அகன்ற மார்புத் துடுப்புகளில் நஞ்சு கிடையாது. திருக்கைக்கு வாலின் மேற்புறத்தில் ஈட்டிபோல் ஒரு முள், சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேல். மீன் செத்துவிட்டது என்று அசட்டையாக இருப்பதும் தவறு. முள்ளைச் சுற்றியுள்ள நச்சுத் திசுவுக்கு மீன் உயிரோடு இருக்க வேண்டிய தேவை இல்லை. கூடையைத் துழாவும் கையையும் அது குத்தும்.

சாதுவாகத் தோன்றி ஏமாற்றும் மீனுக்கு ஓராவைச் சொல்லலாம். சிறிய வாய், முட்டை வடிவ உடல், சின்னஞ்சிறு செதில்கள். அதன் முதுகில் 13 முட்கள், குதத் துடுப்பில் 7 முட்கள். வயிற்றுத் துடுப்பைப் பிளையரின் நுனியால் மெல்ல விரித்துப் பாருங்கள்: இரண்டு ஓரங்களிலும் முள், நடுவில் மூன்று மென்கதிர்கள். மற்ற மீன்களுக்கு முன்னோரத்தில் மட்டுமே முள் இருக்கும். ஆகவே இந்த ஓர் அடையாளத்தைக் கண்டால், நிறம் எதுவாக இருந்தாலும் கையில் இருப்பது ஓரா வகை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். மீன்களை அடையாளம் காண்பது இப்படித்தான் நடக்க வேண்டும். நிறம் மாறும், அளவு மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். முள்ளின் எண்ணிக்கையும் துடுப்பின் இடமும் அத்தனை எளிதில் மாறுவதில்லை.

குத்திவிட்டால் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். வலியில் துடிக்கும் கைக்குச் சூட்டின் அளவு தெரியாது. ஆகவே நீரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அமிழ்த்துங்கள். இது வலியைத் தணிக்கும். ஒடிந்து உள்ளே தங்கிய முள்ளை அகற்றாது, தொற்றையும் தடுக்காது. அதற்கு மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். திருக்கை முள் மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் அதைப் பிடுங்காமல் அப்படியே கொண்டுசெல்ல வேண்டும்.

[காட்சி: ஈரமான தட்டையான பலகை. மீனின் தலை இடப்பக்கம் நோக்கி இருக்கிறது. பக்கத்தில் ஓர் அளவுகோல்.]

இனி, மீனைப் பார்ப்போம். உயிர் போன சில நிமிடங்களிலேயே பல மீன்களின் நிறமும் கோடுகளும் மங்கத் தொடங்கும். ஆகவே படம் எடுப்பதுதான் முதல் வேலை. தலை இடப்பக்கம் இருக்கும்படி கிடத்தி, துடுப்புகளைக் குச்சியால் விரித்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நிழலில் படம் எடுங்கள். முழு உடலுக்கு ஒன்று, திறந்த வாய்க்கு ஒன்று, மேலிருந்து முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. வாயையும் வயிற்றையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் சொல்ல வருபவர் முதலில் கேட்பதும் அந்த இரண்டையும்தான்.

காரணம், தின்றால் கொல்லும் மீன்களில் முதன்மையான பேத்தைக் குடும்பம் தன்னை வாயிலும் வயிற்றிலும்தான் காட்டிக்கொடுக்கிறது. அதன் பற்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு தட்டுகளாக ஒட்டிக் கிளியின் அலகுபோல் இருக்கும். அந்தக் குடும்பத்தின் அறிவியல் பெயருக்குப் பொருளே ‘நாற்பல்’ என்பதுதான். உடலெல்லாம் முள்ளாக இருக்கும் முள்ளம்பேத்தைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே தட்டுகள். வயிற்றுத் துடுப்பு இரண்டுக்கும் அறவே கிடையாது. சாதாரணச் செதில்களும் இல்லை. செவுளுக்கு அகன்ற மூடிக்குப் பதிலாக, மார்புத் துடுப்பின் முன்னால் ஒரு சிறு பிளவு மட்டும் தெரியும். அலகு வாயும், வயிற்றுத் துடுப்பு இல்லாமையும், பிளவு போன்ற செவுளும் சேர்ந்து இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

பேத்தை என்றவுடன் பந்துபோல் உப்பிய உருவம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த நினைவே ஒரு பொறி. உப்பாதபோது பல பேத்தைகள் நீண்டு, வெள்ளி மின்ன, வேகமாக நீந்தும் எந்த மீனையும்போல இருக்கும். தலையையும் தோலையும் நீக்கிவிட்டாலோ மிஞ்சுவது அழகான வெள்ளைச் சதை; அதைப் பார்த்து எவராலும் எதுவும் சொல்ல முடியாது.

[காட்சி: பாய்மரக் கப்பலின் பழைய ஓவியம். பின்னர், வெள்ளிப் பட்டையும் முதுகில் கரும்புள்ளிகளும் உள்ள பேத்தை.]

1774-ஆம் ஆண்டு செப்டம்பரில், கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் பசிபிக் கடலில் நியூ கலிடோனியாத் தீவருகே நின்றிருந்தது. அங்கே கிடைத்த புதுவகை மீன் ஒன்று கப்பலுக்கு வந்தது. கப்பலில் இருந்த இயற்கை ஆய்வாளர்களான ஃபார்ஸ்டர்கள், தந்தையும் மகனும், அதைப் பார்த்த உடனே பேத்தை இனம் என்று கண்டுகொண்டார்கள். அந்த இனத்தில் நஞ்சுள்ளவை உண்டு என்றும் குக்கிடம் சொன்னார்கள். குக்கோ, இதே மீனை முந்தைய பயணத்தில் ஆஸ்திரேலியக் கரையில் உண்டதாகவும், ஒன்றும் ஆகவில்லை என்றும் கூறிவிட்டார். மீனைப் படம் வரைந்து குறிப்பு எடுப்பதில் நேரம் போய்விட்டதால், அன்றிரவு ஈரலும் சினையும் மட்டுமே சமைக்கப்பட்டன. மூவரும் சிறிதளவே சுவைத்தார்கள். விடியற்காலையில் கைகால்கள் வலுவிழந்து மரத்துப்போயின. நீர் நிறைந்த குவளைக்கும் ஓர் இறகுக்கும் எடையில் வேறுபாடு தெரியவில்லை என்று குக் தம் குறிப்பில் எழுதினார். குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது. மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பேத்தைக்கு 1789-இல் இலத்தீனில் ‘கொடியது’ என்று பொருள்படும் பெயர் வந்தது. இன்று அது லேகோசெபாலஸ் ஸ்கெலராட்டஸ்.

இந்தச் செய்தியில் என்னை நிறுத்துவது நஞ்சின் கடுமையைக் காட்டிலும் குக் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான்: ‘இதே மீனை முன்பு உண்டிருக்கிறேன்.’ முற்றிலும் தெரியாத மீனை எவரும் துணிந்து உண்பதில்லை. தெரிந்த மீனைப்போல் இருக்கும் தெரியாத மீன்தான் தட்டுக்கு வருகிறது.

எவ்வளவு நெருங்கிய ஒற்றுமை என்பதற்கு இதே இனத்திலிருந்து ஒரு சான்று. லேகோசெபாலஸ் ஸ்பாடிசியஸ் என்ற பேத்தையும் லேகோசெபாலஸ் லூனாரிஸ் என்ற பேத்தையும் ஒன்றையொன்று உரித்துவைத்தாற்போல் இருக்கும். இரண்டாவதன் சதையிலேயே கடும் நஞ்சு உண்டு. வேறுபாடு முதுகில் இருக்கிறது: தலையிலிருந்து பின்னோக்கிப் பரவும் நுண்முட்களின் சொரசொரப்பு, லூனாரிஸில் முதுகுத் துடுப்பின் அடிவரை செல்லும், மற்றதில் அதற்கு முன்பே நின்றுவிடும். விரல் நுனியால் தடவி உணர வேண்டிய இந்த ஓரிரு அங்குல வேறுபாட்டை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் இனங்களைப் பிரித்துப் பார்க்காமல், பேத்தை, முள்ளம்பேத்தைக் குடும்பங்கள் முழுவதையும் விற்பனைக்கு வரக்கூடாதவை என்று விலக்கிவைக்கிறது. பேத்தையை விரும்பி உண்ணும் ஜப்பானில் அதை அறுப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். தூண்டில்காரரும் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்: அலகு வாய் தெரிந்ததா, அது உணவு ஆகாது.

கைபேசியில் படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது உண்டு. எந்தக் குடும்பத்தில் தேடலாம் என்று சுட்டிக்காட்ட அவை உதவும், நானும் பயன்படுத்துகிறேன். அவை முதுகின் சொரசொரப்பைத் தடவிப் பார்ப்பதில்லை என்பதை மறக்காமல் பயன்படுத்துகிறேன்.

பேத்தையின் நஞ்சுக்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயர். 1909-இல் ஜப்பானிய அறிவியலாளர் யோஷிசுமி தஹாரா சூட்டியது. நரம்புகளில் செய்தி பாய்வதற்குத் தேவையான சோடியம் வாயில்களை அது அடைத்துவிடுகிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பின்னர் கைகால்கள் தளரும். இறுதியில் மூச்சை இயக்கும் தசைகள் நின்றுபோகும். நினைவு மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்பதுதான் இதன் கொடுமை. முறிமருந்து இல்லை. நஞ்சு உடலைவிட்டு நீங்கும்வரை கருவியின் உதவியால் மூச்சு தந்து காப்பதே சிகிச்சை. கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், உறையவைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை. வெள்ளிக்காசு கறுக்கிறதா, ஈ மொய்க்கிறதா, பூனை தின்கிறதா என்ற சோதனைகளில் ஒன்றுகூட எதையும் நிரூபிப்பதில்லை. பூனைச் சோதனையில் பூனைக்கும் சேர்த்து இரங்க வேண்டியிருக்கிறது.

[காட்சி: பவளப்பாறை. அதன் மேல் மெல்ல நகரும் பெரிய கலவா.]

இதுவரை சொன்னதெல்லாம் மீனின் பெயர் தெரிந்தால் ஆபத்தும் தெரியும் என்ற நிலை. பெயர் சரியாகத் தெரிந்தும் ஏமாறும் நிலையும் உண்டு. வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளில் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசி வாழ்கிறது. காம்பியர் தீவுகளில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. அதை மேயும் சிறு மீன்கள் வழியாக அதன் நஞ்சு பெரிய வேட்டை மீன்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. சிகுவாட்டெரா எனப்படும் இந்த நச்சுத்தன்மைக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. பெரிய கலவா, சீலா, அஞ்சாலை ஆகியவற்றில் இது மிகுதி. தின்றவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. அதோடு, குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவதுபோன்ற விநோத உணர்வு வாரக்கணக்கில் நீடிக்கலாம். ஒரே பாறையில் பிடித்த ஒரே இன மீன்களில் ஒன்று நஞ்சாக இருக்கும், இன்னொன்று இருக்காது. இங்கே அடையாளம் காணும் திறமை உதவுவதில்லை; பாறைகளில் பிடிபடும் மிகப் பெரிய வேட்டை மீன்களைத் தவிர்ப்பதும், எந்த மீனாயினும் தலையையும் ஈரலையும் சினையையும் உண்ணாமல் விடுவதும்தான் உதவும்.

அறியாத மீனைத் தின்றபின் உதடு மரத்தால், ‘சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்பதற்கு இடமில்லை. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், சில வேளை பல மணி நேரம் கழித்து, அறிகுறிகள் தொடங்கும். தொடங்கியவுடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிஞ்சிய மீனையும், எடுத்துவைத்த படங்களையும் உடன் கொண்டுபோனால் மருத்துவர் ஊகிப்பதற்குச் செலவிடும் நேரம் குறையும்.

[காட்சி: இரட்டை உறையில் கட்டப்பட்ட மீன். மேலே ஒட்டிய தாளில் எழுதும் கை.]

தின்னும் எண்ணம் இல்லாமல், பெயர் அறியும் ஆவல் மட்டும் இருக்கிறதா? அது நல்ல ஆவல். சூயஸ் கால்வாய் வழியாகச் சென்ற அந்தக் ‘கொடிய’ பேத்தை, 2003-இல் மத்தியதரைக் கடலில் முதன்முதலாகப் பதிவானது. அங்கே அதற்குமுன் எவரும் அதைக் கண்டதில்லை. உங்கள் தூண்டிலில் ஏறியதும் அதுபோன்ற புது வரவாக இருக்கலாம். பிடித்த நாள், இடம், ஆழம், நீளம் ஆகியவற்றைக் குறித்து, படங்களோடு கடல்வாழ் உயிரின ஆய்வு நிலையம் எதற்கேனும் அனுப்புங்கள். அவர்கள் மீனையே கேட்டால், இரட்டை உறையில் இட்டு உறைபெட்டியில் வையுங்கள். வைப்பதற்குமுன் உறையின்மேல் பெரிய எழுத்தில் ‘நஞ்சு. சமைக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கப்போவது நீங்களாகவே இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது.