28 பெயர்களுக்குப் பின்னால் ஒரு டிவிஷன்

வணக்கம் நேயர்களே. 1941 ஜூலையில், ஹிட்லரின் படை சோவியத் எல்லையைத் தாண்டிச் சில வாரங்களுக்குள், கசாக்ஸ்தானின் அல்மா அட்டா நகரில் 316-வது காலாட்படை டிவிஷன் திரட்டப்பட்டது. கசாக்கியர், கிர்கிசியர், ரஷ்யர், உக்ரைனியர் என்று கலந்த படை. பலருக்கு அதுதான் முதல் போர். தளபதி இவான் பான்ஃபிலோவ்.

அக்டோபரில் மாஸ்கோவுக்கு மேற்கே, வொலொகொலாம்ஸ்க் பகுதியில் அவர்களை நிறுத்தினார்கள். 40 கிலோமீட்டர் நீள முன்வரிசைக்கு ஒரே டிவிஷன்! பான்ஃபிலோவ் ஆட்களை ஒரே கோடாகப் பரப்பி வைக்கவில்லை. டாங்கிகள் வரக்கூடிய சாலைகளில் பீரங்கியையும் ஆட்களையும் குவித்தார். எதிரி வந்தான், ஆனால் தாமதமாக வந்தான். மாஸ்கோவுக்கு அப்போது வேண்டியிருந்தது அந்த அவகாசம்தான். நவம்பர் 18 அன்று குசெனெவோ கிராமத்தில் குண்டுச் சிதறல் பட்டு பான்ஃபிலோவ் இறந்தார். அதே நாட்களில் படைக்கு 8-வது கார்ட்ஸ் (Guards) டிவிஷன் என்ற பெருமை கிடைத்தது; சிறப்பாகப் போரிட்ட படைகளுக்குத் தரும் கௌரவப் பெயர் அது.

அப்புறம் வந்தது கதை. நவம்பர் 16-இல் துபோசெகோவோ ரயில் நிலையத்தருகே 28 பேர் மட்டும் நின்று 18 டாங்கிகளை அழித்து, அத்தனை பேரும் மடிந்தார்கள் என்று ராணுவப் பத்திரிகை எழுதியது. 28 பேருக்கும் மறைவுக்குப் பின் ‘சோவியத் ஒன்றியத்தின் வீரர்’ என்ற உயரிய பட்டம். 1947-இல் அந்த 28 பேரில் ஒருவர் உயிரோடு கைதானார், ஜெர்மானியரின் காவல்படையில் வேலை பார்த்த குற்றத்துக்காக. 1948-இல் ராணுவ வழக்கறிஞர்கள் விசாரித்தார்கள். அவர்கள் இருந்த ரெஜிமென்ட்டின் தளபதி காப்ரோவ் சொன்ன வாக்குமூலம்: அந்த 28 பேர் சண்டை வெறும் கற்பனை, அன்று ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவான 4-வது கம்பெனி முழுதும் போரிட்டது, இறந்தவர்கள் 100-க்கும் மேல்.

யோசித்துப் பாருங்கள். 28 பேரைப் பெரிதாக்கிய கதை, அவர்கள் பக்கத்திலேயே விழுந்த மற்றவர்களை மறைத்துவிட்டது. எனக்கு அதுதான் ஆற்றாமை. விசாரணை அறிக்கையும் பல்லாண்டுகள் பூட்டியே கிடந்தது. ரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் 2015-இல்தான் அதை வெளியிட்டது.

டிவிஷன் லாட்வியா வரை சண்டையிட்டுப் போரை முடித்தது. பின்பு எஸ்தோனியாவில் இருந்தது. 1960-களின் இறுதியில் கிர்கிசியாவுக்கு மாறியது. சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கிர்கிஸ்தான் ராணுவத்தோடு சேர்ந்தது. வொலொகொலாம்ஸ்கில் பட்டாலியன் நடத்திய கசாக்கியர் பாவுர்ஜான் மொமிஷுலிக்கு வீரர் பட்டம் 1990-இல்தான் வந்தது. அவர் 1982-லேயே காலமாகிவிட்டார்.