நிமிர்த்த வந்தவர் பக்கம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் அண்ணாச்சி அவர்களே, இந்த வாகையடி முக்கில் கால்கடுக்க நின்று கேட்டுக்கொண்டிருக்கும் என் ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஒரு நிறுவனம் நிலைப்பது நிறுவியவராலா, நிர்வகிக்க வந்தவராலா?" என்பது இன்றைய தலைப்பு. அண்ணாச்சி நிறுவியவர் பக்கம் பேசினார். திருக்குறுங்குடியில் பிறந்து, 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரைச் சொன்னார். திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்து, 1976-ல் எச்.சி.எல். என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கிய சிவ நாடாரைச் சொன்னார். கடைசியில் "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று சொல்லிக் கைதட்டும் வாங்கிவிட்டார். இருவரும் நம் மண்ணின் பெருமை. அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் வைத்தவர் ஒதுங்கிய பிறகு யார் ஊற்றுவது? அதை அண்ணாச்சி சொல்லாமலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் காட்டிய எச்.சி.எல்-லையே எடுத்துக்கொள்வோம். 2016 முதல் எச்.சி.எல். டெக்கின் தலைமைச் செயல் அதிகாரி சி. விஜயகுமார். கோவையில் பொறியியல் படித்து, 1994-ல் அங்கே ஓர் ஊழியராகச் சேர்ந்தவர். முதலாளி வீட்டுப் பிள்ளை இல்லை, சம்பளக்காரர். தாழையூத்துக்கு வாருங்கள். இந்தியா சிமெண்ட்ஸை 1946-ல் தொடங்கியவர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் பேரில் அங்கே சங்கர் நகர் என்று ஓர் ஊரே இருக்கிறது. 2024 கடைசியில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் என்ற இன்னொரு சிமெண்ட் கம்பெனியின் கைக்கு மாறியது. நிறுவியவர் பெயர் ஊருக்கு நிற்கும், நிற்கட்டும். சூளை எரிய, சம்பளம் தேதிக்கு வர, நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும் ஐயா.

அப்படி நடத்த வந்த ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்கு அதிகம் பேசப் போகிறேன். லூ கெர்ஸ்ட்னர். அமெரிக்காக்காரர். அப்பா பால் வண்டி ஓட்டியவர். மகன் பொறியியலும் மேலாண்மையும் படித்து, மெக்கின்சியில் ஆலோசகரானார். அப்புறம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். 1989-ல் ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ. சிகரெட்டும் பிஸ்கட்டும் விற்ற அந்தக் கம்பெனியை, கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 2,500 கோடி டாலருக்கு, பெரும்பகுதியைக் கடனாக வாங்கிப் பிடித்திருந்தது. அந்தக் கடன் மலையோடுதான் நிர்வாகத்தைக் கெர்ஸ்ட்னரிடம் கொடுத்தார்கள். சொத்துகளை விற்று விற்றுக் கடனைக் குறைப்பதுதான் அவருக்கு அங்கே முதல் வேலை.

1993 ஏப்ரலில் ஐ.பி.எம். என்ற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி அவரை அழைத்தது. முந்தைய ஆண்டு நட்டம் கிட்டத்தட்ட 500 கோடி டாலர். அவர் வந்த 1993-ல் நட்டம் 800 கோடியைத் தாண்டியது. கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரிக்கத் திட்டம் தயாராக இருந்தது. பிஸ்கட் விற்றவருக்குக் கம்ப்யூட்டர் என்ன தெரியும் என்று கேட்டார்கள்.

அவர் போட்ட முதல் உத்தரவுகளில் ஒன்றைக் கேளுங்கள். மேல்மட்ட நிர்வாகிகள் 50 பேரும், மூன்று மாதத்துக்குள், ஆளுக்கு ஐந்து பெரிய வாடிக்கையாளர்களையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கேட்டதை ஓரிரண்டு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். இன்னொரு நாள் ஓர் அதிகாரி புரொஜெக்டரில் படம் படமாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கெர்ஸ்ட்னர் எழுந்து போய் அந்த மெஷினை அணைத்தார். "உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவோம்" என்றார். ஐ.பி.எம்மில் அந்தப் படம் காட்டும் பழக்கம் பூசை மாதிரி நடந்துவந்தது. உள்ளேயே வளர்ந்தவருக்கு அதை அணைக்கக் கை வந்திருக்காது.

துண்டு போடும் திட்டத்தை அவர் நிறுத்தினார். கம்பெனியை ஒன்றாகவே வைத்து, சேவைத் தொழிலை வளர்த்தார். வழியில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அதை மறைத்து எனக்கு வெற்றி வேண்டாம். 1994-ல் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கிய ஆள்கணக்கு, 2002-ல் அவர் விலகும் வேளையில் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடுத்து 2003-ல் கார்லைல் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனத்தின், அதாவது பலரிடம் பணம் திரட்டி நிதியம் அமைத்து, கம்பெனிகளை வாங்கி விற்கும் நிறுவனத்தின், தலைவரானார்.

பிரைவேட் ஈக்விட்டி என்றால் யாரோ பணக்காரர் சூதாட்டம் என்று எதிரணி அக்கா சொன்னார்கள். அந்த நிதியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஓய்வூதிய நிதி, இன்சூரன்ஸ், பல்கலைக்கழக அறக்கட்டளை. பொதுவாகப் பத்து ஆண்டில் நிதியம் கணக்கை முடித்துத் தர வேண்டும். அதனால் வாங்கிய கம்பெனியைச் சில ஆண்டுகளில் சீர்செய்து விற்றாக வேண்டும். அங்கே நிர்வாகியாகப் போகிறவர் முதலில் பார்ப்பது லாபக் கணக்கைக்கூட இல்லை. வெளியே நிற்கும் பாக்கி எவ்வளவு, குடோனில் தூங்கும் சரக்கு எவ்வளவு, இந்த மாதச் சம்பளத்துக்குக் கையில் ரொக்கம் இருக்கிறதா, இதைத்தான் பார்ப்பார். "நம்ம ஆளுதானே, தருவார்" என்று முதலாளி விட்டுவைத்த பாக்கியைத் தயங்காமல் கேட்பது வெளியிலிருந்து வந்தவர்தான்.

டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கடைக் கம்பெனியின் கதையையும் அக்கா எடுத்தார்கள். உண்மைதான். 2005-ல் பிரைவேட் ஈக்விட்டி தரப்பினர் அதை 660 கோடி டாலருக்கு வாங்கி, கம்பெனி தலையில் கடனை ஏற்றினார்கள். 2017-ல் திவால். 2018-ல் அமெரிக்கக் கடைகளை மூடியபோது 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கடனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது பாவம். ஆனால் 1998-லேயே பொம்மை விற்பனையில் வால்மார்ட் அந்தக் கம்பெனியை முந்திவிட்டது. நோய் முன்பே இருந்தது. தப்பான கடன் அதைக் கொன்றது. நல்ல நிர்வாகி வேண்டும் என்பதற்குத்தான் அது சாட்சி.

ஐயா, எனக்கு இந்தத் தலைப்பு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் வணிகவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் பலருக்கு அப்பா கடை கிடையாது, ஆலை கிடையாது. அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறார். நிறுவியவரே எல்லாம் என்றால், முதல் போட முடியாத அந்தப் பிள்ளை எங்கே போகும்? நாமக்கல் பக்கம் மோகனூரில் பிறந்த என். சந்திரசேகரன் 1987-ல் டி.சி.எஸ்ஸில் சேர்ந்தார். 2017-ல் டாடா குழுமத்தின் தலைமை நிறுவனமான டாடா சன்ஸின் தலைவரானார். பார்சி அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. சொத்து இல்லாமல் அங்கே போய்ச் சேர வேறு வழி இருந்தால் அண்ணாச்சி சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்று மட்டும் கேட்டு அமர்கிறேன். 1993-ல் ஐ.பி.எம். மூழ்கிக்கொண்டிருந்தபோது அதை வளர்த்த பழைய முதலாளி குடும்பத்தார் யாரும் நிர்வாகத்தில் இல்லை. அந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அன்றைக்கு யார் வந்து நின்றார்கள் என்று மட்டும் அண்ணாச்சி அடுத்த சுற்றில் சொல்லட்டும். வணக்கம்.