கென்னடியின் காரும் நம் உத்தரவாத அட்டையும்

(உலக நுகர்வோர் உரிமை நாள் விழா உரை)

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் மாவட்ட வழங்கல் அலுவலர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் உபயம் செய்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே (உங்களிடம் அப்புறம் வருகிறேன், பயப்படாதீர்கள்), மாணவச் செல்வங்களே, வணக்கம்.

லிங்கன் கான்டினென்டல் என்ற அமெரிக்கக் காரின் பிறப்பு, மறுபிறப்பு, மறைவு என்று மூன்று சொல்ல வந்தேன். 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பதை நான் எந்த மேடையிலும் விடுவதில்லை. இன்றும் விட மாட்டேன்.

1939-இல் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல், புளோரிடாவில் விடுமுறைக்கு ஓட்டத் தனக்கென ஒரு கார் செய்யச் சொன்னார். பாப் கிரெகோரி வரைந்து கொடுத்தார். பார்த்த நண்பர்கள் எனக்கும் ஒன்று என்றார்கள். பிறப்பு அவ்வளவுதான்.

மறுபிறப்புதான் விசேஷம். ஃபோர்டு கம்பெனியின் சொகுசுக் கார்ப் பிரிவுதான் லிங்கன். 1958-இல் அதிலிருந்து வந்த கார் ஏறத்தாழ 19 அடி நீளம். நீளத்தோடு நஷ்டமும் நீண்டது. ஃபோர்டில் அப்போது கணக்குப் புலி ராபர்ட் மெக்னமாரா. ஆமாம், பின்னால் வியட்நாம் போரை நடத்திய அதே அமைச்சர்தான். லிங்கனையே இழுத்து மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வடிவமைப்புக் கூடத்துக்குப் போகிறார். எல்வுட் எங்கல் குழு செய்த மாதிரி ஒன்று அங்கே நிற்கிறது. அது லிங்கனுக்காகச் செய்ததே இல்லை ஐயா, தண்டர்பேர்ட் என்ற இரண்டு கதவுக் காருக்காகச் செய்தது! சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். இதையே நாலு கதவு லிங்கனாக்க முடியுமா என்று கேட்கிறார். முடியும் என்கிறார்கள். செய்து பார்த்தால், பின்சீட்டிலிருந்து இறங்குகிறவர் கால் கதவில் இடிக்கிறதாம். பின்கதவின் கீலைத் தூக்கிப் பின்பக்கம் மாட்டினார்கள். பீரோ கதவு மாதிரி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் திறந்தது. அந்தக் கதவுதான் அந்தக் காருக்கே அடையாளமாகிவிட்டது!

1961-இல் வந்த அந்தக் கார் பழையதைவிட ஓர் அடிக்கு மேல் குட்டை. சிறுகக் கட்டினார்களா? ஒவ்வொரு எஞ்சினையும் மூன்று மணி நேரம் ஓட்டிச் சோதித்தார்கள். முடிந்த காரைச் சாலையில் 12 மைல் ஓட்டிப் பார்த்தார்கள். வாங்கியவருக்கு இரண்டு வருஷம் அல்லது 24,000 மைல் உத்தரவாதம்! அன்றைக்கு அது பெரிய விஷயம். அதே சாயலில் 1969 வரை விற்றது. பெருக வாழ்ந்ததா?

அதில் ஒன்றை நீட்டித்தான் ஜனாதிபதி கென்னடிக்குக் கொடுத்தார்கள். அந்தக் காரில் போகும்போதுதான் டல்லஸ் நகரில் அவரைச் சுட்டார்கள், அந்தக் கதை இந்த நல்ல நாளில் வேண்டாம். அதே கென்னடி 1962 மார்ச் 15-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் சொன்னார்: பாதுகாப்பு, தகவல், தேர்வு, நம் குரலைக் கேட்க ஆள். அந்தத் தேதியில்தான் இன்று கூடியிருக்கிறோம்.

சரி, வணிகர் சங்கத் தலைவரே, வந்துவிட்டேன். நம் ஊரில் மிக்ஸி வாங்கினால் அட்டை தருகிறார்கள். அதில் கடை முத்திரை இல்லை, தேதி இல்லை. ஆறாம் மாதம் மோட்டார் புகைந்தால் 'முத்திரை இல்லையேம்மா' என்கிறார்கள். பில் கேட்டால் துண்டுச் சீட்டு. அட்டை சிறிதுதான், 'சிறுகக் கட்டி' என்று அதற்கும் சொல்லலாம், ஆனால் முத்திரை இருந்தால்தானே பெருக வாழும்?

மறைவைச் சொல்ல நேரமில்லை. 2020-இல் நிறுத்திவிட்டார்கள், போகட்டும். தலைவரே, சங்கக் கடைகள் எல்லாவற்றிலும் பில்லும் முத்திரையும் உண்டு என்று நீங்களே அறிவியுங்கள். இதோ மைக்.