மிளகுக்கு முதலில் வேண்டியது வேர்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் வெண்பொங்கல் சாப்பிட்டவர்கள் மிளகைக் கடித்திருப்பீர்கள். சிலர் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கியிருப்பீர்கள். அந்த மிளகு காய்க்கும் கொடிகளோடுதான் என் முப்பது ஆண்டுகள் போயிருக்கின்றன.

ஒரு ஐப்பசி அடைமழையில் கொல்லிமலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறியிருந்த கொடியின் இலைகளில் கறுப்புத் திட்டுகள். திட்டின் ஓரம் நூல் பிரிந்த துணியைப் போல் இருந்தது. குனிந்து அடித்தண்டைத் தொட்டேன். பட்டை விரலோடு வந்துவிட்டது. அழுகல் வாடை. "பத்து நாளைக்கு முன் பச்சையாக நின்ற கொடி ஐயா" என்றார் தோட்டக்கார அம்மா. பிறகு அவர் கேட்டதுதான் இன்றுவரை என்னை விடவில்லை: "இந்த நோய் தொடாத மிளகே உலகத்தில் கிடையாதா?"

இருக்கிறது, அம்மா. ஆனால் தென் அமெரிக்காவில். பைப்பர் கொலுப்ரினம் என்று பெயர். நம் மிளகுக்குப் பங்காளி. நீங்கள் கேட்ட இந்த வாடல் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்ற கிருமி அதன் வேரை அசைப்பதில்லை. காய்தான் நமக்கு உதவாது.

அப்படியானால் அதன் வேரில் நம் கொடியை ஒட்டுக்கட்டலாமே என்று தோன்றும். கேரளத்தில் கட்டினார்கள்; பிடித்தது. ஆனால் அந்த வேருக்கு எப்போதும் ஈரம் வேண்டும். சில ஆண்டுகள் நன்றாக நின்ற கன்றுகள் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒத்துப்போகாமல் நலிந்ததும் உண்டு.

சரி, இரண்டையும் கலப்பினம் செய்யலாமா? மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் நம் மிளகின் செல்லில் 52, பங்காளிக்கு 26. இரண்டும் கலந்து பிறக்கும் கொடியில் மகரந்தம் உருவாகும்போது ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேட வேண்டும். பலவற்றுக்கு ஜோடியே இல்லை. கலப்பு எளிதில் கைகூடாது, கைகூடினாலும் விதை கட்டுவது அரிது.

நம் மிளகுக்குள்ளேயே கலப்பினம் செய்தது பெரிய வெற்றி. கண்ணூர் மாவட்டம் பன்னியூரில் உதிரங்கோட்டா, செறியகாணியக்காடன் என்ற இரு நாட்டுக் கொடிகளைச் சேர்த்து உருவாக்கிய பன்னியூர்-1, உலகின் முதல் கலப்பின மிளகு. நீண்ட சரம், பருத்த மணி. நிழலில் மட்டும் சரியாகக் காய்க்காது. ஆனால் அதனாலும் வாடலைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன்: மிளகுக்கு முதலில் வேண்டியது வேர்.

உயிர்த்தொழில்நுட்பம் இங்கேதான் கைகொடுக்கிறது. நோய்க்கிருமி தாக்கும்போது பங்காளிக் கொடியில் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். 2019இல் மிளகின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள். ஒரு கொடி காய்ப்புக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நோய் தாங்கும் குணத்துக்கு நம்பகமான மரபணு அடையாளம் கிடைத்துவிட்டால், நாற்றின் ஒரு துண்டு இலையை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் பதில் இன்று இவ்வளவுதான். அது இன்னும் கன்றாகத் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

ஆய்வகத்தில் செடியின் சிறு துண்டிலிருந்து கன்று உருவாக்கும் திசு வளர்ப்பைப் பற்றியும் எழுதி எடுத்து வந்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இலை சிறுத்து, மஞ்சள் திட்டு விழுந்த கொடியில் நாற்றுக்காக ஓடுதண்டு, அதாவது தரையில் படரும் தண்டு, வெட்டாதீர்கள். வைரஸ் தண்டோடு நாற்றுக்கும் போய்விடும். திசு வளர்ப்புக் கன்றானாலும் வைரஸ் சோதனை செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். வணக்கம்.